குமிழுக்கும் விளக்குக்கும் நடுவில் ஓர் எண்

டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இன்றைக்குப் பேசப்போவது மிகச் சின்ன ஒரு வேலையைப் பற்றி. ஒரு குமிழைத் திருகினால் எல்இடி விளக்கின் வெளிச்சம் கூட வேண்டும். எதிர்ப்பக்கம் திருகினால் குறைய வேண்டும். மைக்ரோகன்ட்ரோலர் பழகத் தொடங்குகிற எல்லோரும் ஆரம்பத்திலேயே செய்துபார்க்கிற பயிற்சி இது. விளக்கை எரியவைக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் பாதி திருப்பியதுமே வெளிச்சம் ஏறக்குறைய முழுசாகத் தெரிவது ஏன்? கையை எடுத்த பிறகும் அது லேசாக நடுங்குவது ஏன்? செல்போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக வருவது ஏன்? இப்படிக் கேட்கத் தொடங்கினால் பேச்சு நீளும்.

பழைய ஃபேன் ரெகுலேட்டர் பலருக்கு நினைவிருக்கும். சுவரில் பெரிய பெட்டியாக இருக்கும். கொஞ்ச நேரம் ஓடினால் தொட்டுப் பார்க்கையில் சுடும். ஃபேனுக்குப் போகிற மின்சாரம் முழுவதும் அந்தக் குமிழின் வழியாகத்தான் போயிற்று. குமிழைத் திருப்பினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் கூடுதலாகவோ குறைவாகவோ வழியில் சேரும். மின்சாரம் அதற்கேற்ப மட்டுப்படும். மிச்சம் சூடாக வீணாகும். கைக்கும் ஃபேனுக்கும் நடுவில் வேறு யாரும் இல்லை.

மைக்ரோகன்ட்ரோலர் வந்தபின் நிலைமை வேறு. குமிழுக்கும் விளக்குக்கும் நேரடி உறவே கிடையாது. குமிழ் ஓர் எண்ணைச் சொல்கிறது. நிரல் அந்த எண்ணை வாங்கி, வேண்டியபடி மாற்றி, இன்னோர் எண்ணாக விளக்கின் பக்கம் தள்ளுகிறது. நான் சொல்லவருவது இதுதான்: விளக்கில் நமக்குத் தெரிகிற குறை பெரும்பாலும் விளக்கின் குறை அல்ல, நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த எண்ணின் குறை.

வேண்டிய சாமான்கள்

ஓர் ஆர்டுயினோ ஊனோ (ஆர்3 வகை) போர்டு, நாம் திருகப்போகிற குமிழாக 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (சுருக்கமாக 'பாட்') ஒன்று, சிவப்பு எல்இடி, 220 ஓம் ரெசிஸ்டர், ப்ரெட்போர்டு, நாலைந்து ஜம்பர் வயர். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் 'பத்து கே பாட்' என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஊனோவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அதைப் பற்றி எல்லாமே திறந்து கிடக்கிறது என்பதுதான். 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் இருந்த ஒரு வடிவமைப்புக் கல்வி நிலையத்தில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களுக்காக மாசிமோ பான்சியும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய முயற்சி ஆர்டுயினோ. ஊனோவின் மேல் இருக்கிற சிப் ஏடிமெகா 328பி. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பில் ஓடுகிறது. இன்றைய செல்போனோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு விளக்குக்கு அது தாராளம்.

எல்இடிக்கு அரைகுறை பிடிக்காது

குண்டு பல்புக்கு மின்னழுத்தத்தைக் குறைத்தால் மங்கும், கூட்டினால் பளிச்சிடும். எல்இடி அப்படி நடந்துகொள்ளாது. அது ஒரு டயோடு. சிவப்பு எல்இடியை எடுத்துக்கொண்டால், ஒன்றரை வோல்ட் வரை ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. அதைத் தாண்டியதும் மின்னோட்டம் திடீரென்று மேலே பாயும். 2 வோல்ட்டை ஒட்டி நன்றாக எரியும். அதற்கு மேலும் கொஞ்சம் தள்ளினால் கருகிவிடும். வெளிச்சம் என்று நாம் சொல்கிறது முழுக்க அந்தச் சில நூறு மில்லிவோல்ட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

அதனால்தான் எல்இடியோடு எப்போதும் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்க்கிறோம். போர்டு தருவது 5 வோல்ட். எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொண்டால் மீதி 3 வோல்ட் 220 ஓம் மேல் விழும். மூன்றை 220-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 13.6 மில்லிஆம்பியர். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியருக்குள் எடுப்பது நல்லது. 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. எனவே 13.6 பாதுகாப்பான இடம்.

'அப்படியானால் அந்தப் பாட்டையே விளக்கோடு தொடராகக் கோர்த்துவிட்டால் என்ன, சிப் எதற்கு?' என்று கேட்கலாம். செய்யலாம், விளக்கு மங்கவும் செய்யும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிலோஓம் பாட்டைப் பாதி திருப்பினால் 5,000 ஓம். அப்போது ஓடுவது 0.57 மில்லிஆம்பியர், முழு அளவில் நான்கு சதவீதம். கடைசிப் பத்தில் ஒரு பங்குக்கு வந்தபோதும் 2.5 மில்லிஆம்பியர்தான். பிறகு மிச்சமிருக்கிற அந்தத் துளித் திருப்பலுக்குள் 2.5 என்பது 13.6 ஆகிவிடும். முக்கால்வாசித் திருப்பலில் பெரிதாக எதுவும் நடக்காமல், கடைசியில் எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். கைக்கு இதில் பிடிமானம் கிடைக்காது.

குமிழ் எண்ணாகும் இடம்

பாட்டுக்கு மூன்று கால்கள். இரண்டு ஓரக் கால்களுக்கு நடுவே வளைந்த கார்பன் தடம். நடுக்கால் அந்தத் தடத்தின் மேல் நகர்கிற ஓர் உலோக விரலோடு சேர்ந்தது. ஒரு ஓரக் காலை 5 வோல்ட்டுக்கும் மறு ஓரக் காலை கிரவுண்டுக்கும் கொடுத்துவிட்டால், விரல் நிற்கிற இடத்தைப் பொறுத்து நடுக்காலில் 0 முதல் 5 வோல்ட் வரை ஏதோ ஒரு மின்னழுத்தம் இருக்கும். நடுக்காலை ஊனோவின் 'ஏ0' பின்னோடு சேர்க்கிறோம். குமிழ் வழியாக விளக்கின் மின்சாரம் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பாட்டின் வழியே ஓடுவது அரை மில்லிஆம்பியர். அது சுடாது, வீணாக்காது. தான் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறது.

'அனலாக்ரீட்' என்ற கட்டளை அந்த மின்னழுத்தத்தை எண்ணாக்குகிறது. சிப்புக்குள் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. வந்த மின்னழுத்தம் இரண்டரை வோல்ட்டுக்கு மேலா கீழா என்று முதலில் பார்க்கிறது. மேல் என்றால் அடுத்து மூன்றே முக்கால் வோல்ட்டோடு ஒப்பிடுகிறது. கீழ் என்றால் ஒன்றேகால் வோல்ட்டோடு. இப்படிப் பாதி பாதியாகச் சுருக்கிப் பத்து முறை கேட்டால், 0 முதல் 1023 வரை உள்ள ஓர் எண்ணில் வந்து நிற்கும். ஒரு படிக்கு 4.9 மில்லிவோல்ட். முழு வேலைக்கும் ஆகிற நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

இங்கே ஓர் அழகு இருக்கிறது. யுஎஸ்பி வயர் வழியாக வருகிற 5 வோல்ட் சில நேரம் 4.7 ஆக இறங்கிவிடும். அப்போது அளவு தப்பிவிடாதா என்றால், தப்பாது. பாட்டுக்குக் கொடுக்கிறதும் அதே மின்சாரம், சிப் ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுகோலும் அதே மின்சாரம். இரண்டும் சேர்ந்து இறங்குவதால் விகிதம் மாறுவதில்லை. நடுவில் நிற்கிற குமிழ் நடுவில்தான் நிற்கிறது என்று படிக்கப்படும்.

10 கிலோஓம் ஏன் என்றால் அதற்கும் காரணம் உண்டு. மிகச் சிறிய பாட் என்றால் மின்சாரத்தை வீணாகத் தின்னும். 1 மெகாஓம் போலப் பெரிய பாட் என்றால், சிப்புக்குள் இருக்கிற நுண்ணிய மின்தேக்கி அளவெடுக்கிற அந்தச் சிறு பொழுதுக்குள் சரியாக நிரம்பாது, வாசிப்பு தப்பும். சிப்பைச் செய்தவர்களே, வந்து சேர்கிற பக்கத்தின் மின்தடை 10 கிலோஓம் அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள்.

வெளியே போவது வெறும் ஆம், இல்லை

உள்ளே வர 1,024 படிகள் இருக்கின்றன. வெளியே போகிற பின்னுக்கோ இரண்டே நிலைதான் தெரியும்: 5 வோல்ட் அல்லது சுழி. நடுவில் ஒன்றும் கிடையாது. பிறகு எப்படி மங்கல் வருகிறது? வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவதால்.

இதைத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பாடப்புத்தகத்தில் சொல்வார்கள். பேச்சில் எல்லோரும் பிடபிள்யூஎம் என்பார்கள். ஊனோவில் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு பின்களில் மட்டும் இது கிடைக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு சிறிய அலைக்குறி அச்சாகியிருக்கும். 9-ஆம் பின்னை எடுத்துக்கொள்வோம். அது நொடிக்கு ஏறக்குறைய 490 முறை எரிந்து அணையும். ஒரு சுற்றுக்கு 2 மில்லிநொடிக்குச் சற்று மேல். 'அனலாக்ரைட்' கட்டளைக்கு 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுக்கலாம். 64 என்று கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கால் பங்கு நேரம், அதாவது அரை மில்லிநொடி, எரிந்து மீதி நேரம் அணைந்திருக்கும். இந்த வேலையைச் சிப்புக்குள் இருக்கிற டைமர் தானாகச் செய்கிறது. எண்ணைக் கொடுத்துவிட்டு நிரல் வேறு வேலை பார்க்கப் போகலாம்.

கண் இதைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. போதிய வேகத்தில் மினுங்குகிற விளக்கு, அதன் சராசரி அளவுக்குச் சீராக எரிகிற விளக்காகவே கண்ணுக்குத் தெரியும். 1830-களிலேயே இதைச் சொன்னவர்கள் இருவர்: புகைப்பட முன்னோடிகளில் ஒருவரான டால்பட், பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசஃப் பிளாட்டோ. விதி அவர்கள் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

மல்டிமீட்டர் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். 64 என்று கொடுத்துவிட்டு அந்தப் பின்னை அளந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் வோல்ட் காட்டும். நிஜமாகவே சீராக ஒன்றேகால் வோல்ட் கொடுத்தால் சிவப்பு எல்இடி எரியவே எரியாது என்று முன்பே பார்த்தோம். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. மீட்டர் காட்டுவது சராசரி; பின் தருவது ஒவ்வொரு முறையும் முழு 5 வோல்ட். எல்இடி எரிகிற பொழுதெல்லாம் தனக்கு ஏற்ற 13.6 மில்லிஆம்பியரிலேயே எரிகிறது. அரைகுறை பிடிக்காத விளக்குக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

செல்போன் கேமராவில் கோடு தெரிவதற்கும் இதுவே காரணம். கேமரா படத்தை வரிவரியாக எடுக்கிறது. சில வரிகள் விளக்கு எரியும்போதும் சில வரிகள் அணைந்திருக்கும்போதும் விழுகின்றன. விளக்கில் கோளாறு ஒன்றும் இல்லை.

நான்கால் வகுத்தால் முடிந்ததா?

உள்ளே 1023 வரை, வெளியே 255 வரை. நான்கால் வகுத்தால் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். பெரும்பாலான பாடங்கள் இந்த இடத்தோடு முடிந்துவிடுகின்றன. நிரலும் சொல்லப்போனால் மூன்றே வரி: படி, நான்கால் வகு, எழுது. விளக்கு எரியும், குமிழுக்குக் கட்டுப்படும்.

ஆனால் நிதானமாகத் திருப்பிப் பாருங்கள். தொடக்கத்தில் வெளிச்சம் துள்ளிக்கொண்டு ஏறும். பாதியைத் தாண்டியபின் திருப்பிக்கொண்டே இருந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. எண்கள் சீராகத்தான் ஏறுகின்றன. மல்டிமீட்டரும் அதையே சொல்கிறது. சீராக இல்லாதது நம் கண்.

கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை, மடங்குக் கணக்கில் பார்க்கிறது. 1-இலிருந்து 2-க்குப் போவது அதற்குப் பெரிய மாற்றம். 200-இலிருந்து 201-க்குப் போவது தெரியவே தெரியாது. இருட்டறையில் ஒரு மெழுகுவத்தி செய்வதை உச்சி வெயிலில் நூறு மெழுகுவத்தியாலும் செய்ய முடியாது. ஒளி அளவுகளுக்கான பன்னாட்டு ஆணையமான சிஐஇ 1976-இல் வெளியிட்ட அளவுகோலின்படி, கண்ணுக்குப் 'பாதி வெளிச்சம்' என்று தோன்றுவது உண்மையில் முழு ஒளியில் 18 சதவீதம்தான். கால் வெளிச்சம் என்று தோன்றுவது 4.4 சதவீதம். முக்கால் என்று தோன்றுவது 48 சதவீதம். ஆக, குமிழ் நடுவில் நிற்கும்போது நாம் 127 என்று அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கண் கேட்பது 47-ஐ.

நடுவில் எண் இருப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. பழைய ரெகுலேட்டரில் இதைத் திருத்த வேண்டுமானால் கம்பியைப் பிரித்துச் சுற்ற வேண்டும். நமக்கு ஒரு வரிக் கணக்கு போதும். எளிய வழி, வாசிப்பை அதனாலேயே பெருக்குவது. வாசிப்பை வாசிப்பால் பெருக்கி, 1023-ஆல் வகுத்து, பிறகு நான்கால் வகுத்தால், பாதித் திருப்பலுக்கு 64 கிடைக்கும். கால் திருப்பலுக்கு 16. முழுத் திருப்பலுக்கு அதே 255. சிஐஇ அளவுகோலுக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனால் கைக்கும் கண்ணுக்கும் இது போதும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 32 அல்லது 64 எண்களை முன்பே கணக்கிட்டு ஓர் அட்டவணையாக நிரலுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஊனோவில் சாதாரண முழு எண் 32,767 வரைதான் பிடிக்கும். 181-ஐ 181-ஆல் பெருக்கினால் 32,761; தப்பியது. 182-ஐ 182-ஆல் பெருக்கினால் 33,124; எல்லை தாண்டி, எதிர்மறை எண்ணாகப் புரண்டுவிடும். குமிழைக் கொஞ்சம் திருப்பும்வரை எல்லாம் சரியாக இருந்து, பிறகு விளக்கு பைத்தியம் பிடித்தது போல் மினுங்கினால் காரணம் இதுவே. அந்த எண்ணை 'லாங்' வகையாக அறிவித்தால் தீர்ந்தது.

ஆடியோ கடைக்காரர்களுக்கு இந்த விஷயம் வெகு காலமாகத் தெரியும். காதும் கண்ணைப் போலவே மடங்குக் கணக்குக்காரன். அதனால் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் வால்யூம் பாட்களில் கார்பன் தடத்தையே சீரற்றதாகப் பூசுவார்கள். இப்போது கடையில் கிடைக்கிறவற்றில் பெரும்பாலும் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அந்த ஆடியோ வகை, 'பி' என்று இருந்தால் சீரான வகை. வாங்கும்போது முதுகைத் திருப்பிப் பாருங்கள். கணக்கு நிரலில் இருக்கப்போகிறதென்றால் 'பி' வகையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் திருத்தம் போட்டால் வெளிச்சம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

நடுக்கம்

கண்ணுக்கு ஏற்றபடி திருத்தியதும் இன்னொரு குறை வெளியே வரும். கையை எடுத்த பிறகும் மங்கலான நிலையில் விளக்கு லேசாகத் துடிக்கும். போர்டு அனுப்புகிற எண்களைக் கணினித் திரையில் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்து வாசிப்பை அச்சிட்டுப் பாருங்கள். 63, 64, 64, 63 என்று ஒன்றிரண்டு எண் ஆடிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தில் இருக்கிற இரைச்சல், வயரில் ஒட்டிக்கொள்கிற குறுக்கீடு, தேய்ந்த கார்பன் தடம் எல்லாம் இதற்குக் காரணம். நம் பெருக்கல் கணக்கில் 63 என்றால் வெளியீடு 0, 64 என்றால் 1. ஒன்று அணைந்த விளக்கு, மற்றது எரிகிற விளக்கு. பளிச்சென்ற நிலையில் ஒரு படி ஆடினால் யாருக்கும் தெரியாது. மங்கலில் அதே ஆட்டம் கண்ணைக் குத்தும்.

மருந்து மூன்று. ஒன்று, பாட்டின் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று போடுவது. இரண்டு, ஒரு முறைக்குப் பதில் பதினாறு முறை படித்துச் சராசரி எடுப்பது. எல்லாம் சேர்ந்து 2 மில்லிநொடிகூட ஆகாது. மூன்று, பிடிவாதம்: முன்பு ஏற்றுக்கொண்ட எண்ணிலிருந்து நான்கு படியாவது விலகினால்தான் புதிய எண்ணை ஏற்பது என்று நிரலில் வைத்துவிடுவது. மூன்றாவதைச் செய்தால் இரு ஓரங்களையும் தனியாகக் கவனியுங்கள். 4-க்குக் கீழ் வந்தால் 0, 1019-க்கு மேல் போனால் 1023 என்று எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் குமிழைக் கடைசிவரை திருப்பியும் எண் ஓரத்தைத் தொடாமல் நிற்கலாம்.

மங்கலில் படி தாவுவது மட்டும் இன்னும் இருக்கும். 1-க்கும் 2-க்கும் நடுவில் வெளிச்சம் இரு மடங்காகிறது; 256 படிகளுக்குள் அதற்குத் தீர்வு இல்லை. ஊனோவின் 9, 10 பின்களுக்குப் பின்னால் இருக்கிற டைமர் 16 பிட் அகலமானது. அதை 4,096 படிகளுக்கு அமைத்துக்கொண்டால் மங்கல் வழுவழுப்பாகும். வேகமும் நொடிக்கு 3,906 முறையாக உயரும். படிக்கிற மேசைக்கான விளக்கு என்றால் இது இரட்டை லாபம். மினுங்கலைப் பற்றி மின், மின்னணுப் பொறியாளர் சங்கமான ஐஇஇஇ 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, முழுவதும் அணைந்து எரிகிற விளக்கு நொடிக்கு 1,250 முறைக்கு மேல் துடித்தால் ஆபத்து குறைவு என்கிறது. 490 அதற்குக் கீழே இருக்கிறது.

முடிவில்லாமல் சுற்றும் குமிழ்

கடையில் பாட்டைப் போலவே தோற்றமளிக்கிற இன்னொரு குமிழ் கிடைக்கும்: ரோட்டரி என்கோடர். இதற்கு ஓரம் கிடையாது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றலாம். திருப்பும்போது விரலுக்கு டிக் டிக் என்று தட்டுப்படும். பரவலாகக் கிடைப்பதில் ஒரு சுற்றுக்கு 20 தட்டல். காரில், மைக்ரோவேவ் அடுப்பில் நீங்கள் தொட்டிருக்கக்கூடிய குமிழ் இந்த வகைதான்.

இது 'நான் எங்கே நிற்கிறேன்' என்று சொல்லாது. 'இந்தப் பக்கம் ஒரு படி நகர்ந்தேன்' என்று மட்டுமே சொல்லும். உள்ளே இரண்டு தொடுமுனைகள்; அவை ஒட்டிப் பிரிகிற அலைகள் ஒன்றுக்கொன்று கால் அலை தள்ளி. வலப்பக்கம் திருப்பினால் முதல் முனை முந்தும், இடப்பக்கம் என்றால் இரண்டாவது முந்தும். இரண்டின் நிலையையும் சேர்த்து எழுதினால் 00, 01, 11, 10 என்று வரிசையாக வரும். ஒவ்வோர் அடியிலும் ஒரே ஓர் இலக்கம்தான் மாறுகிறது. இந்த வகை வரிசைக்கு கிரே குறியீடு என்று பெயர். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1953-இல் காப்புரிமை பெற்றார்.

ஒரே இலக்கம் மாறுவதால் ஒரு பெரிய நன்மை உண்டு. உலோகத் தொடுமுனைகள் ஒட்டும்போது சில மில்லிநொடி துள்ளும். நிரலுக்கு அது பத்துத் தட்டலாகத் தெரியலாம். ஆனால் நான்கு நிலைகளையும் முறையாகப் பின்தொடர்கிற நிரலுக்கு அந்தத் துள்ளல் ஒரு படி முன்னே, ஒரு படி பின்னே என்றே படும். கூட்டியதும் கழித்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். முதல் முனை மாறினால் ஒன்று கூட்டு என்று மட்டும் எழுதுகிற நிரல்களில்தான் விளக்கு முன்னும் பின்னும் தாவும்.

பாட்டிலும் என்கோடரிலும் எண் குடியிருக்கிற இடம் வேறு. பாட்டில் எண் குமிழின் நிலையிலேயே இருக்கிறது. கரன்ட் போய் வந்தாலும் விளக்கு அதே வெளிச்சத்தில் எரியும். என்கோடரில் எண் நிரலின் நினைவில் இருக்கிறது. கரன்ட் போனால் அதுவும் போகும். அழியாமல் வைக்கச் சிப்பில் ஒரு கிலோபைட் ஈப்ராம் உண்டு. ஆனால் அதன் ஒவ்வோர் அறைக்கும் ஒரு லட்சம் முறை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். நொடிக்குப் பத்து முறை எழுதினால் மூன்று மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். குமிழ் அசையாமல் இரண்டு மூன்று நொடி ஆன பிறகு, எண் மாறியிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று: நிரல் வேறு வேலையில் தாமதித்தால் என்கோடரின் தட்டல் தவறிப்போகும். எனவே அதை 2, 3 பின்களில் சேர்த்து, நடக்கிற வேலையை இடைமறித்து உடனே கவனிக்கவைக்கும் இன்டரப்ட் வழியாகப் படிப்பது நல்லது. பாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. எப்போது போய்க் கேட்டாலும் இருக்கிற இடத்தைச் சொல்லும்.

எதை எடுப்பது? ஒரு விளக்கு, ஒரு குமிழ், வேறு யாரும் தலையிட மாட்டார்கள் என்றால் பாட் போதும். அதே விளக்கை செல்போனிலிருந்தும் குறைக்கப்போகிறீர்கள், அல்லது ஒரே குமிழால் நான்கு விளக்கை மாற்றப்போகிறீர்கள் என்றால் என்கோடர்தான். செல்போன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்ட பிறகு, பாட் மட்டும் முழு வெளிச்சத்தில் நின்றுகொண்டு பொய் சொல்லிக்கொண்டிருக்கும்.

பெரிய விளக்குக்குப் போகும் முன்

ஒரு சின்ன எல்இடியில் எல்லாம் சரியானதும் அடுத்த ஆசை 12 வோல்ட் எல்இடி பட்டை. அது சில ஆம்பியர் இழுக்கும். பின்னிலிருந்து நேராகக் கொடுத்தால் சிப் போய்விடும். நடுவே, பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற ஒரு மாஸ்ஃபெட் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கிற ஐஆர்எஃப் 540-ஐ 5 வோல்ட்டால் முழுவதும் திறக்க முடியாது, அதற்கு 10 வோல்ட் வேண்டும். அரைகுறையாகத் திறந்து சூடாகும். ஐஆர்எல்இசட் 44என் போல 5 வோல்ட்டிலேயே திறக்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். பட்டையின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் எதுவும் வேலை செய்யாது.

வீட்டு 230 வோல்ட் பல்புகளை இந்த முறையில் தொடாதீர்கள். அவற்றுக்குள் தனி டிரைவர் சர்க்யூட் இருக்கிறது. மங்கலாக்க வேறு வழிமுறை. தவறினால் போவது போர்டு மட்டும் அல்ல, உயிரும் போகலாம்.

செய்துபார்க்க உட்காருகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் பாட்டில் தொடங்குங்கள். விளக்கைக் கோர்ப்பதற்கு முன்பே சீரியல் மானிட்டரில் எண்ணை அச்சிட்டு, குமிழை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திருப்பிப் பாருங்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கண்ணுக்கான கணக்கைப் போடுங்கள். அதன் பிறகே விளக்கு. வெளிச்சம் எங்கேனும் தப்பாகத் தெரிந்தால் உடனே எல்இடியை மாற்றாதீர்கள், ரெசிஸ்டரை மாற்றாதீர்கள். எண்ணைப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை கோளாறு அங்கேதான் இருக்கும்; அதைத் திருத்த ஒரு வரி போதும்.